டிஸ்க்கில் பூசிய சந்தனம்

பாடம் நடத்தியே பழகியவரை ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்காரவிடக் கூடாது. கரும்பலகை இல்லாத குறையை யார் தலையிலாவது எழுதித் தீர்த்துக்கொள்வார். நான் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். எனக்கு மிகவும் பிடித்த பாடம் உராய்வு. (பிள்ளைகளுக்கு அதுதான் தூக்கம் வரும் பாடம் என்று பிற்பாடு தெரிந்தது.) அந்த உராய்வு விஷயத்திலேயே நான் செய்த ஒரு மடத்தனத்தையும், அதற்குப் பிறகு சொன்ன ஒரு பொய்யையும் எழுதிவிடுகிறேன். எழுபத்து நான்கு வயதாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

என் மகள் மீனாவின் கணவர் கதிரேசன், அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆசை கார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற கார் அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஊர்கிற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பல வருடம் காத்திருந்து வாங்கினார். கோவைப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கப் பெயர் கொடுத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இடமும் கிடைத்துவிட்டது. அதற்காக டயரையும் பிரேக்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

மூன்று மாதம் விசாரித்து, சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான டயரையும் பிரேக் பேடையும் அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். மரியாதைக்காக என்னிடமும் சொன்னார். நான் அதை ஆலோசனை கேட்டதாக எடுத்துக்கொண்டேன்.

"அரைகுறையா எதுக்கு மாப்ள? பந்தயத்துக்குன்னே செஞ்ச பேடைப் போடுங்க. ரெண்டுக்கும் உராய்வு எம்புட்டு வித்தியாசம், பாருங்க!"

"இல்ல மாமா, அது நல்லா சூடானாத்தான் புடிக்கும். ஊருக்குள்ள ஓட்டும்போது..."

"உரசுனா சூடு தன்னால வருது. இதுக்குப் போய்க் கவலப்படுறீங்களே!"

அவர் பேசாமல் இருந்துவிட்டார். மாமனாரிடம் எதிர்த்துப் பேசாதது அவர் வளர்ந்த முறை. நான் அதை என் வாதத்தின் வெற்றி என்று நினைத்தேன். அதே வேகத்தில் டயரிலும் கை வைத்தேன். கோடுகளே அதிகம் இல்லாத, ரப்பர் மிட்டாய் போல மெத்தென்ற பந்தய டயர்தான் வேண்டும் என்று முடித்துவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் சேவுகன் என்கிற மெக்கானிக்தான் எல்லாவற்றையும் மாட்டினார். மாட்டும்போதே முணுமுணுத்தார்.

"சார், இந்த டயரும் சூடாகணும், பேடும் சூடாகணும். தடத்துல நாலு சுத்து சுத்துனா ஆகும். இங்க எங்க போய்ச் சூடாக்குவீங்க?"

"மதுரை வெயில் போதாதா?" என்றேன். (சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.)

சக்கரத்தோடு சுற்றுகிற புது டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கிற பேடும் ஒன்றோடு ஒன்று பழகும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும், டிஸ்க்கில் கைகூடப் படக் கூடாது என்று அவர் கதிரேசனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டிஸ்க்கின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் வண்டியில் எதைப் புதிதாக மாட்டினாலும் அழகர்கோவில் போய்க் கருப்பசாமி முன்னால் பூஜை போடாமல் ஓட்ட மாட்டோம். பட்டறையிலிருந்து நேராக அங்கே கிளம்பினோம். நானும் கதிரேசனும் சிவப்புக் காரில். என் மனைவி, ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த மீனா, என் மச்சினன் செல்வம் மூவரும் பின்னால் வேறு காரில். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கதிரேசன் பிரேக்கை ஏறி மிதித்தார்.

"கொஞ்சம் லேட்டாத்தான் புடிக்குது மாமா. மெதுவாவே போவோம்."

சாமி கும்பிட்டு வந்ததும் கதிரேசனும் செல்வமும் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கப் போனார்கள். பெண்கள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை வரைக்கும் பொட்டு வைக்கிற குடும்பம் எங்களுடையது. டயருக்கு வைத்தேன். பூஜையே பிரேக்குக்குத்தானே, அதை விடலாமா? சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டு டிஸ்க்குக்கும் பூசினேன்.

"ஐயா, அங்க எதுக்கு? டயர்ல வச்சாப் போதும்" என்றார் பூசாரி.

நான் கேட்கவில்லை. வழவழப்பான இரும்பில் சந்தனம் ஒட்டாமல் உதிர்ந்தது. அகல் விளக்கிலிருந்து நல்லெண்ணெயை ஊற்றிக் குழைத்து, நாலு சக்கரத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் பட்டை பட்டையாக இழுத்தேன். எண்ணெய் உராய்வைக் குறைக்கும் என்று வருடா வருடம் படம் போட்டு விளக்கியவன் நான். அந்த ஐந்து நிமிடம் அது எனக்கு நினைவு வரவே இல்லை. வந்ததெல்லாம் பக்தி.

கதிரேசன் பழங்களை வைத்தார். பூசாரி சூடம் காட்டினார். நான் ஜம்பமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கார் நான்கு பழங்களையும் நசுக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

"மாப்ள, நிறுத்துங்க."

"அமுக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்!"

கை பிரேக்கையும் இழுத்தார். அது பிடிப்பதும் பின்சக்கர டிஸ்க்கைத்தான். அதற்கும் நான் பூசியிருந்தேன். எதிரே ஒரு கரும்புச்சாறு வண்டி. சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு சிதறி ஓடினார்கள். கதிரேசன் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு மதில் சுவரில் கொண்டுபோய் முட்டினார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. காரின் மூக்கு மட்டும் உள்ளே போய், அடியில் இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சை நிறத் தண்ணீர் ஒழுகியது. என் மடியில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாச்சுப்பா?"

என் விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே சொன்னேன்: "மாப்ள பிரேக்ல கால் வச்ச மாதிரி தெரியலம்மா."

கதிரேசன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒழுகுகிற தண்ணீரைப் பார்க்கக் குனிந்தார்.

மூன்றாம் நாள், காரை இழுத்துப் போயிருந்த சேவுகன் பட்டறைக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிஸ்க்கு பூராம் எண்ணெய் சார். சந்தன வாசம் வேற. ஒங்க மாப்ளைட்ட காட்டுனேன். 'யார்ட்டயும் சொல்லிராதீங்கண்ணே'ன்னு அவரே ஒக்காந்து தொடச்சுட்டுப் போறாரு."

அன்றே வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். வீட்டில் மீனா அழுதுகொண்டிருந்தாள்.

"புள்ளையப் பெத்து ஒங்க கையில குடுக்கணுமா வேணாமா? பிரேக்க மிதிக்கத் தெரியாதவருக்கு ரேஸ் காரு எதுக்கு?"

கதிரேசன் தலை குனிந்திருந்தார். நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. அவர் தடத்துக்குப் போகவில்லை. சரிசெய்த காரை அடுத்த மாதமே யாரோ விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாயில் கார் என்ற பேச்சே இல்லை.

பேச்சை எடுத்ததெல்லாம் மற்றவர்கள்தான். எந்த விசேஷத்திலும் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிற செல்வம், "மாப்ள, போதும்னா கையக் காட்டிருங்க. ஒங்க காலத்தான் நம்ப முடியாதே!" என்பான். பந்தியே சிரிக்கும். கதிரேசனும் சிரிப்பார். ஆறு வருடமாக நானும் சிரித்தேன்.

போன மாதம் செல்வத்தின் மகள் கல்யாணத்தில் அதே வாளி, அதே சிரிப்பு. ஏனோ என்னால் முடியவில்லை. இலையில் இருந்து எழுந்தேன்.

"நிறுத்துங்கப்பா. அன்னைக்கு டிஸ்க்குல எண்ணெய் பூசுனது நான்தான். மாப்ள பிரேக்க மிதிச்சாரு. பொய் சொன்னது நான்."

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு செல்வம் வாளியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பிசிக்ஸ் வாத்தியாரு பிரேக்குல எண்ணெய் ஊத்துனாராம்! ஏன் மச்சான், மருமகனக் காப்பாத்த வேற பொய்யே கெடைக்கலையா?" மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா மாதிரி வராது" என்றாள்.

கதிரேசன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடுங்க மாமா. சாப்பிடுங்க."

இப்போது அந்தக் கதையை ஒரு வரி சேர்த்துச் சொல்கிறார்கள். மாப்பிள்ளைக்கு பிரேக் பிடிக்கத் தெரியாதாம். ஆனால் மாமனார் தங்கமான மனிதராம், இந்த வயதிலும் மருமகனுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாராம்.