இளைப்பாறல் குழு பெற்ற கேடயம்

"அப்பா, இந்த அக்கா ஏன் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாங்க?"

மனிதகுலத்தின் மாபெரும் திருப்பங்கள் எல்லாம் இப்படி ஒரு சின்னக் கேள்வியில்தான் தொடங்கியிருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் இளைஞர்களின் மனச்சோர்வு அடியோடு ஒழிக்கப்பட்ட வரலாறும் அப்படித் தொடங்கியதே. கேட்டவள் என் மகள். பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவளை ஒருநாள் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தேன்.

"கண்ணை மூடிக்கச் சொன்னா சரியாயிடும்லப்பா?" என்று அவளே தீர்வையும் சொன்னாள்.

"அப்படியெல்லாம் திடுதிப்புன்னு சொல்லிட முடியாதும்மா. மீட்டிங் போடணும்" என்றேன்.

போட்டோம். ஆண்டவன் உறக்கத்தைப் படைத்தபோது அதை நிர்வகிக்க ஒரு குழு அமைக்கத் தவறிவிட்டான். அந்தக் குறையை நிவர்த்தி செய்த பெருமை எங்களையே சேரும். 'இளைப்பாறல் மற்றும் மீட்சிக் குழு' அன்று மாலையே பிறந்தது. தலைவர், அடியேன்.

எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரெல்லாம் வாஷிங் மெஷின்கள் ஓடுகின்றன. சில ஓடாமல் நிற்கின்றன. நின்றுபோனவற்றின் சொந்தக்காரர்கள் போன் செய்து திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதற்கென்றே படித்த, இனிய குரல் கொண்ட இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு நீளமான கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு போன், போனின் தலையில் ஒரு குட்டி விளக்கு. போன் மூன்றாவது முறை மணியடிப்பதற்குள் எடுத்தால் விளக்கு பச்சை. எடுக்காவிட்டால் சிவப்பு, அழைப்பும் பக்கத்து மேசைக்குத் தாவிவிடும். பக்கத்து மேசைக்காரர் நினைத்தால், மூன்றாவது மணிக்கு முன்பே ஒரு பொத்தானை அழுத்தி அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். அப்போது விளக்கு சிவக்காது. ஆனால் எடுத்தவருக்கு ஒரு பலனும் இல்லை. மணி எந்த மேசையில் அடித்ததோ அந்த மேசையின் கணக்கில்தான் ஏறும். ஆகவே அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை என்பது நிர்வாகத்தின் உறுதியான நம்பிக்கை.

என் மகள் பார்த்த பெண்ணைக் கூடத்தில் 'வணக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் அம்மா குளியலறைக் கதவைத் தட்டினால்கூட, "வணக்கம், உங்கள் குறையைச் சொல்லுங்கள்" என்று உள்ளேயிருந்து பதில் வருமாம். அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, தம்பி இன்னும் படிக்கிறான், வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற ஒரே ஆள் அவள். பக்கத்து மேசையில் 'சித்தப்பா'. அவள் வயதுதான். முன்நெற்றி மட்டும் அவசரப்பட்டு ஏறிவிட்டதால் கிடைத்த உறவுமுறை அது.

அவன் பேசுவதை நான் அடிக்கடி நின்று கேட்பேன். மேற்பார்வைக்காக.

"என்னம்மா சொல்றீங்க? உங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் சுருங்கிடுச்சா? ஒரே ஒரு சந்தேகம்மா, அவர் வேட்டி சுருங்கலையே? அப்போ மெஷின் மேல தப்பில்ல. அவரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

இப்படிப்பட்டவர்களை மீட்டெடுக்க வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தோம். அவர் சோர்வைப் பற்றி நிறையப் பேசினார். எங்களுக்கே சோர்வு வந்துவிட்டது, அவ்வளவு திறமைசாலி.

பழைய உதிரிப்பாகங்கள் கிடந்த அறைக்கு நீல வண்ணம் அடித்து 'மீட்சிக்கூடம்' ஆக்கினோம். பஞ்சு மூட்டை போன்ற இருக்கைகள் போட்டோம். உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக இளைப்பாறுகிறார்களா என்று குழு கண்காணிப்பதற்காக ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கடலலைச் சத்தம் இடைவிடாமல் ஒலிக்கும். காசு கட்டாத பதிவு என்பதால் அலைகளுக்கு நடுவே அவ்வப்போது விளம்பரம் வரும். எங்கள் வாஷிங் மெஷின் விளம்பரமே வந்ததை ஒரு தெய்வச் செயலாகத்தான் நான் கருதுகிறேன்.

தினமும் எல்லோரும் கட்டாயம் சிறிது நேரம் இளைப்பாறவேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் போன் அடித்தால் விளக்கு சிவப்பாகும். அதற்குத் தனியாக விளக்கம் தரவேண்டும். இளைப்பாற வராவிட்டால் அதற்கும் விளக்கம் தரவேண்டும். வேலை முடிந்ததும் 'மகிழ்ச்சி மணி' என்று கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்தான் அதில் மிக உரக்கச் சிரித்தார்கள் என்பதை நிபுணர் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

ஒருநாள் வணக்கம் என் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், ஒரு நாலு நாள் லீவு வேணும் சார்."

"எதுக்கும்மா?"

"தூங்குறதுக்கு."

நான் நிபுணரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தூக்கம் நம்ம திட்டத்துல இல்லையேம்மா. இளைப்பாறல்தானே இருக்கு?" என்றேன்.

"அங்கேயாவது தூங்கலாமா சார்?"

"அது மட்டும் கூடாது" என்று நிபுணர் குறுக்கிட்டார். "முழிச்சிருந்தாத்தான் எவ்வளவு மீண்டிருக்கீங்கன்னு அளக்க முடியும். தூங்குறவங்களை எப்படிம்மா அளக்கிறது?"

"படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது சார். காதுக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. வீட்டுல தம்பி கூப்பிட்டாக்கூட யாரோ திட்டப் போறாங்கன்னு தோணுது."

"இதெல்லாம் நல்ல அறிகுறிம்மா" என்றார் நிபுணர். "உணர்றீங்க பாருங்க!"

அவள் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். நல்ல வளர்ப்பு.

திட்டத்தின் சிகரம் 'புன்னகைமானி'. நிபுணர் கொண்டுவந்த கேமரா அது. முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஆள் மீண்டுவிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடும். அறிமுக விழாவில் எங்கள் நிறுவனத்தின் பெரியவர் முகத்தில் பிடித்துப் பார்த்தோம். 'உயிரற்ற பொருள்' என்று வந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நிபுணர் சமாளித்தார். பெரியவர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினோம்.

கருவியின் தீர்ப்பையும் மேசையின் சிவப்பு விளக்குக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீட்டில் தேறாதவர்கள் 'மீளாதவர்' எனப்படுவர். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. வீட்டில் நன்றாக ஓய்வெடுக்கலாம் அல்லவா? சம்பளம் என்ற தொந்தரவுகூட இருக்காது.

முதல் மதிப்பீட்டில் வணக்கம் தன்னால் இயன்றவரை சிரித்தாள். 'அழுகை' என்றது கருவி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அவளுடைய இளைப்பாறல் நேரமும் நிறைய பாக்கி இருந்தது. போன் சிவந்துவிடும் என்ற பயத்தில் அவள் மீட்சிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

"நாளைக்கு மத்தியானம் முழுக்க உள்ள உக்காந்து பாக்கியைத் தீர்த்துடும்மா. சாயங்காலம் மதிப்பீடு" என்று ஆணையிட்டேன்.

"அவ்வளவு நேரம் போன் அடிக்குமே சார்?"

"அடிக்கும்."

"விளக்கு சிவந்துட்டா மதிப்பெண் குறையுமே சார்?"

"குறையும்மா. அதுக்காக இளைப்பாறாம இருக்க முடியுமா?"

பக்கத்து மேசையில் சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் போனில் இருந்த அந்தப் பொத்தானைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். தூய்மை உணர்வு உள்ள பையன் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் உள்ளே போனாள். அலைச் சத்தம் எழுந்தது, விளம்பரம் வந்தது, மறுபடி அலை. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்காணித்தேன். முதலில் அவள் தன் மேசை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விளக்கு பச்சையாகவே இருந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தாள், பச்சை. மறுபடியும் பார்த்தாள், அப்போதும் பச்சை. அவளுடைய தோள்கள் மெல்ல இறங்கின. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் மூடியது.

தூங்கிவிட்டாள்! விதிமீறல்!

நான் நிபுணரைத் தேடிக் கூடத்தின் வழியாக ஓடினேன். ஓடும்போது சித்தப்பா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு கை தன் போனில், இன்னொரு கை அந்தப் பொத்தானில். "சொல்லுங்கய்யா... ஒரு நிமிஷம்மா... திட்டுங்கய்யா, திட்டுங்க, நான் எங்கேயும் போகல..." முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஆர்வக்கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

நிபுணர் புன்னகைமானியோடு வந்தார். தூங்குகிற முகத்துக்கு நேராகப் பிடித்தார். கருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு 'முழு மீட்சி' என்றது.

"கண்ணு மூடியிருக்கே?" என்றேன்.

"தியானம்னு எழுதிக்கலாம் சார்."

"குறட்டை வருதே?"

"ஆழ்ந்த தியானம்."

அதையே சாயங்கால மதிப்பீடாக எழுதிக்கொண்டோம். மேசைக் கணக்கிலும் ஒரு சிவப்பு இல்லை. வணக்கம் தேறினாள். வேலை தப்பியது. வெளியே வந்தவளின் கன்னத்தில் இருக்கையின் தையல் வரி பதிந்திருந்தது. அவள் நேராகச் சித்தப்பாவின் மேசைக்குப் போய் நின்றாள்.

"சிவக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"யாருமே கூப்பிடல. இன்னிக்கு ஊர்ல எல்லா மெஷினும் நல்லா ஓடுச்சு போல" என்றான். பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வந்தன.

"தொண்டைக்கு என்னப்பா ஆச்சு?" என்று நான் அக்கறையோடு விசாரித்தேன்.

"ஐஸ் தண்ணி குடிச்சேன் சார்."

"உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா? மகிழ்ச்சி மணியில நீ ரெண்டு மடங்கு சிரிக்கணும்" என்று அறிவுரை சொன்னேன். வணக்கம் அவனைப் பார்த்தாள். பொத்தானையும் பார்த்தாள்.

எங்கள் திட்டத்தின் புகழ் பரவியது. இளைஞர்களின் மனச்சோர்வை ஒழித்த முன்மாதிரி அலுவலகம் என்று எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மேல் மாடி அரங்கில் விழா. பெரியவர் பொன்னாடையும் கேடயமும் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் விழாவுக்கு வரவேண்டும். ஆனால் போன்களும் அடிக்கத்தானே செய்யும்? மற்ற மேசைகளின் அழைப்பையெல்லாம் இரண்டே மேசைகளுக்குத் திருப்பிவிட்டோம். "நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று வணக்கம் தானாக முன்வந்தாள். சித்தப்பாவும் இருந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க அவன் வாடிக்கையாளர்களிடம் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லாததை நான் கவனித்திருந்தேன். பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன்.

கேடயத்தைக் கையில் வாங்கியபிறகுதான், ஏற்புரை எழுதிய தாளைக் கீழே மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. எடுக்க இறங்கினேன். கேடயத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை, அணைத்துக்கொண்டே போனேன்.

கூடம் காலியாக இருந்தது. சித்தப்பா மேசைமேல் கைகளை மடித்து, அதன்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வணக்கம் தன் நாற்காலியை அவன் மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தாள். அவனுடைய கணினித் திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழாதபடி திருப்பி வைத்திருந்தாள். அவன் போனில் மணி முதல் ஒலி எழுப்பும் முன்பே அவள் விரல் பொத்தானில் இருந்தது.

"வணக்கம், உங்கள் குறையைச் சொல்லுங்கள்..."

மறுமுனையில் யாரோ கத்துவது வாசல்வரை கேட்டது. அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, தயவுசெஞ்சு கொஞ்சம் மெதுவாத் திட்டுறீங்களா? இங்க ஒருத்தர் தூங்குறார். ரொம்ப நாளைக்கு அப்புறம்."

கத்தல் நின்றது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அவள் கண்கள் நன்றாக விழித்திருந்தன, சிரித்தாள். எந்தக் கருவியும் அங்கே இல்லை.

"ரொம்ப நன்றிங்கய்யா. பரவால்ல, நாளைக்கே கூப்பிடுங்க. நான் இருப்பேன்."

இரண்டு விளக்குகளும் பச்சையாக இருந்தன. வேலை நேரத்தில் ஒருவர் உறங்குவதும், அதற்கு இன்னொருவர் உடந்தையாக இருப்பதும் எவ்வளவு கடுமையான குற்றங்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்திருந்தால் குழுவைக் கூட்ட வேண்டியிருந்திருக்கும். ஏற்புரைத் தாளை எடுக்காமலே, செருப்புச் சத்தம் கேட்காதபடி படியேறினேன்.

ஆகவே அங்கே சாட்சி யாரும் இல்லை. நான் எதையும் பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் எதையுமே பார்க்காமல் இருந்ததற்காகத்தானே எனக்கு அந்தக் கேடயத்தைக் கொடுத்தார்கள்?