சீஐடித் தலைவரும் மூன்றாவது வோட்டும்

மொன்றியல் பனிக்காலத்தில்கூட வியர்த்துக்கொண்டு திரிந்த ஒரே தமிழர் எங்கள் சீஐடி அண்ணைதான். எல்லாம் சந்தேகத்தால் வந்த வியர்வை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் என்னோடு வேலை செய்தார். மற்ற நேரமெல்லாம் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். அவரைத் தலைவராக்கிய எங்கள் அணியே வரப்போகும் சங்கத் தேர்தலில் அவருக்கு எதிராக ஆளை நிறுத்தப்போகிறது என்று கதை அடிபட்டது. அன்றோடு மனிதரின் நிம்மதி போயிற்று.

ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் என்னை மூலைக்கு இழுத்தார். ஜான்-டலோன் சந்தையில் உபதலைவரையும் செயலாளரையும் ஒரே கடையில் கண்டாராம்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில கத்தரிக்காய் தேவைப்படுமோ?"

"சனிக்கிழமை எல்லாரும் சந்தைக்குப் போறதுதானே அண்ணை."

"அப்ப ஏன் என்னைக் கண்டதும் சிரிச்சவங்கள்?"

அடுத்த கிழமை செயலாளரின் அப்பார்ட்மென்ட் வாசலில் கிடந்த பனிச்சப்பாத்துகளை எண்ணியிருக்கிறார். பதினாறு சோடி! "இரகசியக் கூட்டமோ நடக்குது?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனால், உள்ளே செயலாளரின் மகளுக்குப் பிறந்தநாள். பிடித்து இருத்திக் கேக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்து, "என்ர வாயை அடைக்கப் பாத்தவங்கள்" என்றார்.

பகிடி என்னவென்றால், எதிராக ஆளை நிறுத்தப்போகிற அந்தக் கதை உண்மை. எந்தக் கூட்டத்திலும் யார் யாருக்குக் கண் காட்டினார் என்று அவர் விசாரிப்பதிலேயே பாதி நேரம் போகும். ஆட்கள் களைத்துவிட்டார்கள். அவரை எதிர்த்து நிற்க ஒருவன் சம்மதித்தும் இருந்தான். அது நான்.

ஊர் முழுவதையும் சந்தேகித்தவர் என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

"ஆர் நிக்கப்போறான் எண்டு நீர்தான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

"ஓம் அண்ணை, பாக்கிறன்" என்றேன். அன்று எத்தனை தட்டில் கரண்டி வைக்க மறந்தேனோ, பறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேர்தல் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. என் பெயரை முன்மொழிந்ததும் அண்ணை திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எனக்கு முப்பத்தொரு வோட்டு. அவருக்கு மூன்று.

முடிந்து மெற்றோவுக்கு நடந்தோம். அவருடைய மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தார். அண்ணை சட்டென்று நின்று என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்டு நான் போட்டது. ஒண்டு மனுசி போட்டது. மற்றது ஆர்?"

"தெரியாது அண்ணை."

"உம்மட ஆக்களுக்குள்ள ஒருத்தன் எனக்குப் போட்டிருக்கிறான். அவனை நம்பாதையும். கவனமா இரும்."

"ஓம் அண்ணை" என்றேன். வோட்டுச் சீட்டில் அவர் பெயருக்கு நேரே புள்ளடி போட்டது, அவர் பிடித்திருந்த அந்தக் கைதான்.