தோரா வீட்டு மான்கொம்பு

ஏணி உச்சியில் நின்றிருந்த எஸ்கிலின் உள்ளங்கையில் சுவரில் கொம்போடு மாட்டியிருந்த மூஸ் மான் மண்டையோட்டின் கடைவாய்ப்பல் ஒன்று வந்து விழுந்தது. சும்மா தொட்டுத்தான் பார்த்தான்.

"பல்லெல்லாம் ஆடுது! மண்டை முழுக்கப் பாசி. இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்காது!" என்று கத்தினான்.

"நெஜமாவா?"

கீழே ஏணியைப் பிடித்திருந்த தோராவின் முகம் மலர்ந்தது. இதில் மலர என்ன இருக்கிறது என்று எஸ்கிலுக்குப் புரியவில்லை. தன்னைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொண்டான்.

தோராவின் கணவன் ஹால்வார்ட் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மர ஆலை மெக்கானிக்கான எஸ்கில், கல்யாணமே ஆகாதவன், இரண்டு வருஷமாக அவளுக்கு விறகு பிளந்து கொடுத்து வந்தான். மூன்று குளிர்காலத்துக்கான விறகு சேர்ந்த பிறகும் பிளந்தான். மனசில் இருப்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஹால்வார்ட் சுட்ட மானின் கொம்பைக் காப்பாற்றிக் கொடுத்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தான்.

"இத யாரு இந்தச் சுவத்துல மாட்டினது? மழை நேரா மூஞ்சில அடிக்குது."

"நான்தான். முன்னாடி வாசல் கூரைக்குக் கீழ இருந்துச்சு."

"தெரியாமப் பண்ணிட்டீங்க. நான் சரி பண்ணித் தரேன்."

"வேணாம் எஸ்கில். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, மண்டையோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனான். முறம் போல விரிந்த கொம்பில் படாமல் எலும்பை மட்டும் பெராக்சைடில் ஊறவைத்து வெளுத்தான். விரிசல்களில் பசை ஊற்றினான். பற்களை ஒட்டினான். மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். வாரக் கடைசியில் கொண்டுவந்து அதே இடத்தில் மாட்டினான்.

"பல்லு கெட்டியா ஒட்டிடுச்சா?" என்றாள் தோரா.

"இழுத்துத்தான் பாருங்களேன்."

ஏணியில் ஏறி இழுத்துப் பார்த்தாள். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டே இழுத்தாள். பல் அசையவில்லை. அன்று காப்பி வந்தது. எப்போதும் கூட வரும் இலவங்கப்பட்டை பன் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொம்பு நுனியை அணில் கொறித்திருந்தது. கண்குழி நிறைய வேர்க்கடலை.

"உப்புக் கடலைங்க இது! எந்த அணிலு உப்புக் கடலை வாங்கிச் சேத்து வைக்குது?"

"இந்தக் காலத்து அணிலு" என்றாள் தோரா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எஸ்கில் கடலையை வழித்துப் போட்டுவிட்டு, கொம்பைச் சுற்றிக் கம்பிவலை கட்டினான். அன்று காப்பியும் வரவில்லை.

என்ன தப்புச் செய்தோம் என்று வாரம் முழுக்க யோசித்தான். மழையை மறந்துவிட்டோமே என்று பட்டது. தகரத்தில் சின்னக் கூரை செய்து கொம்புக்கு மேலே அடித்தான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கூரை தரையில் கிடந்தது. பக்கத்தில் கோடாலி.

"காத்து" என்றாள் தோரா.

"எங்க பக்கம் ஒரு இலைகூட ஆடலையே!"

"இங்க அடிச்சுது."

இந்த முறை நான்கு போல்ட் போட்டு முறுக்கினான். தோரா கைகட்டி நின்று பார்த்தாள்.

"எஸ்கில், உண்மையச் சொல்லுங்க. இனிமே இது எத்தனை வருஷம் தாங்கும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"நூறு வருஷம்! நீங்களும் நானும் போய்ச் சேர்ந்த பிறகும் ஹால்வார்ட் கொம்பு இங்கயே நிக்கும்!"

தோரா பொலபொலவென்று அழுதாள். சொல்லவேண்டியதைச் சொல்ல இதுதான் நேரம் என்று எஸ்கில் தொப்பியைக் கழற்றினான்.

"இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தொப்பியைக் கையில் பிடித்தபடியே அவன் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனான். அங்கே கல்லாவில் இருப்பவள் தோராவின் தங்கை இங்கா. பாசியில் ஆரம்பித்து போல்ட் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான்.

"நூறு வருஷம் தாங்கும்னா சொன்ன? அவகிட்டயேவா?"

"ஆமா. சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தேன். எனக்கு ஒண்ணுமே புரியல இங்கா."

இங்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடையா, அந்தக் கொம்பு தானா உதிர்ந்து விழற வரைக்கும் வேற கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு, சாகறப்ப ஹால்வார்ட் அவகிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போயிருக்கான்!"