கோதண்டபாணியின் முதுகும் நீலகிரித் தைலமும்

குளத்துக்கடியில் இருந்த அத்திவரதரை வெளியே எழுந்தருளப் பண்ணிய எழுபத்தொன்பதாம் வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் பெருமாள் முகம் ஞாபகம் வரும். பிள்ளையார்பாளையம் கோதண்டபாணிக்கு மட்டும் தன் முதுகு ஞாபகம் வரும்.

நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை தரிசனம் தருகிற பெருமாள். சனம் சும்மா விடுமா? உள்ளூரில் வீடு வைத்திருந்தவன் பாடு பெரும்பாடு. கோதண்டபாணி பட்டு நெய்கிறவர். பெண்சாதி கிருஷ்ணவேணியின் பிறந்த வீட்டுச் சனம் பூராவும் தாமலில். பஸ் ஏறினால் இவர் வீட்டு வாசல்தான். முதலில் சித்தப்பா குடும்பம் வந்தது. பிறகு சித்தப்பாவின் சம்பந்தி. பிறகு சம்பந்திக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அத்தனை கும்பலையும் சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் வரிசையில் நின்று, சேவித்துவிட்டுத் திரும்புவது மாப்பிள்ளை வேலை. ‘நேத்துதானேப்பா வந்தே’ என்று பெருமாளே கேட்டுவிடுவாரோ என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

கடைசியாக மச்சான் ராஜகோபால் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். மறுநாள் காலை கோதண்டபாணி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

“முதுகு புடிச்சிக்கிச்சிம்மா. தறிக்குழியில காலை வுட்டு உக்காந்து உக்காந்து... அசைய முடியல.”

“நான் இன்னும் பெருமாளைப் பாக்கலையே,” என்றாள் கிருஷ்ணவேணி. “வந்த சனத்துக்கெல்லாம் வடிச்சிக் கொட்டிக்கினே இருந்துட்டேன். இன்னிக்கு உங்களோட போலாம்னு ஆசையா இருந்தேன்.”

“உன் தம்பி இருக்கானே. அவனோட போயி சேவிச்சிட்டு வாயேன்.”

“தம்பியோட போறதுக்கா உங்களைக் கட்டிக்கினேன்? இதை வுட்டா இன்னும் நாப்பது வருஷம். அப்போ நாம இருப்போமோ இன்னாவோ.”

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வரிசையை நினைத்தால் நாக்கு வறண்டது. தவிர, இந்தப் பொய்யில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. தைலம் பூசிய உடம்போடு யாரும் பட்டைத் தொடமாட்டார்கள். கறை பட்டால் முதலாளி தோலை உரித்துவிடுவார். ஆக, வரிசையும் கிடையாது, தறியும் கிடையாது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

“தைலம் இருந்தா தேயேன்,” என்று வாயைக் கொடுத்தார்.

நீலகிரித் தைலமும் கிராம்புத் தைலமும் வந்தன. தேங்காயெண்ணெயில் நாலு சொட்டு விட்டுக் கலந்து தேய்ப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்று தேங்காயெண்ணெய் மட்டும் வரவில்லை.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றாள். “இது வலி இருக்கிற எடத்துல ஜில்லுனு இருக்கும். வலி இல்லாத எடத்துலதான் எரியும். எரிஞ்சா சொல்லுங்க.”

முதல் கை விழுந்ததுமே முதுகில் அடுப்பு மூட்டியது போல் இருந்தது.

“எப்பிடி இருக்குது?”

“ஜில்லுனு இருக்குதும்மா.”

அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

“கண்ணுல தண்ணி வருதே?”

“சுகத்துல வருது.”

சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினார். ராஜகோபால் எட்டிப் பார்த்து, “மாமா மொகமே தெளிஞ்சிடுச்சிக்கா,” என்றான்.

தைலத்தைக் குறை சொல்லக் கூடாது. அந்த நாளில் சாயங்காலமானால் தறிக்காரர் தெரு முழுக்க அந்த வாசனைதான். எத்தனை தோள் வலி, எத்தனை முட்டி வீக்கம் அதில் அடங்கியிருக்கிறது. கிருஷ்ணவேணியின் சூடான உள்ளங்கையும் அந்த வாசனையும் சேர்ந்தால், நாளெல்லாம் நெய்த அலுப்பு போன இடம் தெரியாது. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் கோதண்டபாணி நின்றுவிடுவார். ஆனால் இல்லாத வலிக்கு மருந்து என்ன செய்யும், பாவம்.

ஒருவழியாக அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கோதண்டபாணி ஜெயித்துவிட்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டார்.

“கொஞ்சம்கூட எரியலையே?”

“சத்தியமா இல்ல.”

“இது யாருக்குப் பூசினாலும் எரியும்ங்க. வலி இருக்கிறவன் எரியுதுன்னு கத்துவான். வலி இல்லாதவன்தான் இப்பிடி சிரிச்சிக்கினு படுத்திருப்பான். எழுந்து சட்டையைப் போடுங்க, வரிசை நீண்டுடும்.”