இருபத்திரண்டு கிலோ இறாலும் ஒரு கைக்கடிகாரமும்

காசு கொடுத்து வாங்குகிறவனைவிட, அதே பொருளை இனாமாக வாங்கப் புறப்படுகிறவனுக்குத்தான் செலவு அதிகம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் தங்கை கன்னியம்மாவின் கல்யாணத்தில், சொந்தச் செலவில் (சரியாகச் சொன்னால் எங்கள் நைனாவின் செலவில்) கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். வெள்ளை இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்து, அதுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் தேடிவந்து நலம் விசாரித்த காலம் அது. எங்கள் கரையில் இரண்டு பேர் இறாலை விலைக்கு எடுத்தார்கள். ஒருவர் உள்ளூர் காசிம் பாய். அவரிடம் போட்டால், மாதக் கடைசியில் விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைத் திருப்பிக் கொடுப்பார். மற்றவர் மெட்ராஸ் கம்பெனியின் ஏஜெண்ட் தாமோதரன். அவர் ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார். கிலோவுக்கு ஒரு புள்ளி. அட்டையின் பின்னால் படம் போட்ட பட்டியல்: நூறு புள்ளிக்கு எவர்சில்வர் குடம், இருநூற்றைம்பதுக்குச் சுவர்க் கடிகாரம், முந்நூறுக்குக் கைக்கடிகாரம்.

அப்போது நான் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். குப்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

கன்னியம்மாவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை ஏழுமலைக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. ஷிப்டுக்குப் போகிறவர் என்பதால், மணையில் உட்காரும்போது கையில் வாட்ச் கட்டவேண்டும் என்று அவருடைய அம்மா மட்டும் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். நைனா அதற்காகப் பணம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பணத்தின்மேல்தான் என் அறிவு போய் விழுந்தது.

"நைனா, வாட்ச்சுக்கு இன்னாத்துக்கு காசு? பாய்கிட்ட போடறத நிறுத்திட்டு ஏஜெண்டுகிட்ட போடு. கல்யாணத்துக்குள்ள முந்நூறு புள்ளி சேந்துரும். வாட்ச் சும்மா வரும். அந்தக் காசுல புது நைலான் வல வாங்கலாம்."

"பாய் மாசக் கடைசில கிலோவுக்கு ஒரு ரூபா திருப்பிக் குடுக்கறாருடா."

"அதெல்லாம் பழைய கணக்கு நைனா."

எது புதிய கணக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. படித்த பிள்ளை சொல்கிறானே என்று வலை வாங்கிவிட்டார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இரு தம்பி, வாட்ச்சு கட்டிகினு வா, பாக்கறேன்" என்றார். அதில் கிண்டல் இருந்தது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அட்டையில் இருநூற்று அறுபத்திரண்டு புள்ளி. ஏரியில் நினைத்தபோது நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இறால் ஓடும் இடங்களைக் குப்பத்தார் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். எங்கள் முறை புதன்கிழமை வந்தது. அடுத்த முறை கல்யாணத்துக்குப் பிறகுதான். ஆக, அந்த ஒரு பாட்டில்தான் மாப்பிள்ளையின் மணிக்கட்டு இருந்தது.

புதன் விடிந்ததும் நைனா கரையேறினார். இருபத்திரண்டு கிலோ. எல்லாம் விரல் தடிமன் வெள்ளை இறால், துள்ளிக்கொண்டிருந்தது. கூட்டிப் பார்த்தேன். இருநூற்று எண்பத்து நாலு. இன்னும் பதினாறு குறைந்தது.

அப்போதுதான் ஏஜெண்ட் கொட்டகையில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கிலோவுக்கு இரண்டு புள்ளி! இருபத்திரண்டு நாற்பத்து நாலாகும். மொத்தம் முந்நூற்று ஆறு. வாட்ச் போக ஆறு புள்ளி மிச்சம்கூட.

"நைனா, இத இன்னிக்குப் போடாத. வெள்ளிக்கெழம போடலாம்."

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எறா இன்னா, உனுக்காக ரெண்டு நாளு மூச்சப் புடிச்சிகினு குந்திகினு இருக்குமா?"

"புது வலைல பை மாதிரி கட்டி, தண்ணியிலயே வுட்ரலாம். அது ஏரின்னு நெனச்சிகினு இருக்கும்."

"நண்டு வரும்டா."

"வாயக் கட்டிட்டா எப்டி வரும்?"

நாற்பது வருஷம் அந்த ஏரியில் நின்றவரிடம் டைப்ரைட்டிங் லோயர் கிரேடு படிக்கும் நான் நண்டைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நைனா வாதாடிக் களைத்து, "உன் தங்கச்சி கல்யாணம், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். வாட்ச் பணத்தில் வாங்கிய அதே நைலான் வலையில் இறாலைக் கொட்டி, வாயை மூன்று முடிச்சுப் போட்டு, ஏரிக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கழியில் கட்டினேன். வியாழக்கிழமை முழுக்கக் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கழி நேராக நின்றது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பையைத் தூக்கினேன். எடை நன்றாகவே இருந்தது. சந்தோஷமாகக் கரைக்கு இழுத்துவந்து அவிழ்த்தால், உள்ளே பதினேழு நண்டுகள். ஒவ்வொன்றும் விருந்து முடிந்து வெற்றிலை போடப்போகும் சம்பந்தி மாதிரி உப்பிக் கிடந்தன. இறால் என்று சொல்ல இரண்டு கையளவு ஓடுகளும் கொஞ்சம் மீசையும் மிச்சம். அவை வாசல் வழியாக வரவில்லை. புது வலையை நான்கு இடத்தில் வெட்டிக்கொண்டு வந்திருந்தன.

வாட்ச்சும் போச்சு, வலையும் போச்சு. இருந்தாலும் கூச்சமில்லாமல் நண்டுகளைக் கூடையில் போட்டு ஏஜெண்டிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நண்டுக்குப் புள்ளி கெடையாதுப்பா" என்றார் தாமோதரன்.

"சார், உள்ள இருக்கறது உங்க எறாதான் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்று வீட்டில் நண்டுக் குழம்பு. அவ்வளவு ருசியான குழம்பை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. கன்னியம்மா மட்டும் சோற்றைத் தொடாமல் எழுந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அவுரு வெறுங்கையோட மணையில குந்துனா, அத எங்க மாமியா நான் சாவற வரைக்கும் சொல்லிகினே இருக்கும். தெரிமா உனுக்கு?"

தெரிந்தது. அப்போதுதான் தெரிந்தது. நான் போட்ட கணக்கில் புள்ளிகள் இருந்தன, நைனா இருந்தார், வலை இருந்தது. அவள் எங்குமே இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் தன் கல்யாணத்துக்குப் பயப்படும்படி செய்துவிட்டேனே என்று கூசிப்போனேன்.

கல்யாணச் செலவுக்கே ஊரெல்லாம் கடன்; மேற்கொண்டு கேட்க ஆள் இல்லை. இருநூற்று அறுபத்திரண்டு புள்ளிக்கு என்ன கிடைக்குமோ அதை வாங்கி வந்தேன். மணமேடையில், ஊர் பார்க்க, பெண்ணின் அண்ணனாக நான் மாப்பிள்ளைக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தை நீட்டினேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாய்யா இது? கையில கட்றதா, கழுத்துல மாட்றதா?"

மாமியாரின் முகம் சுருங்கியது. கன்னியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அப்படியே ஏரியில் இறங்கி அந்தப் பதினேழு நண்டோடு போய்விடலாம் போலிருந்தது. (அவை ஏற்கெனவே என் வயிற்றில் இருந்தன.)

ஏழுமலைதான் கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு, "கம்முனு இரு மாமா. இது பெருசா கீது, தூரத்துலேந்தே தெரியும்" என்றார். மேடை சிரித்தது. மாமியாரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கல்யாணப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை மடியில் கடிகாரத்தோடுதான் இருக்கிறார். எந்தப் போட்டோ எத்தனை மணிக்கு எடுத்தது என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய கல்யாண ஆல்பம் எங்கள் ஜில்லாவிலேயே அது ஒன்றுதான்.

வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் ஒரு நல்ல வாட்ச் வாங்கிக்கொண்டு போனேன். ஏழுமலை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காசு குடுத்து வாங்குனதா? வேணாம் மச்சான். நீ புள்ளியில வாங்கித் தரேன்னு சொன்ன இல்ல? அத வாங்கினு வா, கட்றேன்."

அவர் அதை விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். மனிதர் நாற்பது வருஷம் வாட்ச் கட்டவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெறும் இடது கையை என் முன்னால் நீட்டி, "மச்சான், புள்ளி சேந்துச்சா?" என்பார். பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் எல்லாரும் சிரிக்கக் காத்திருப்பார்கள்.

ரிட்டையர் ஆன பிறகு வங்கிக்காரப் பையன் ஒருவன் கிரெடிட் கார்டோடு வந்தான். ஒரு கார்டில் பெட்ரோலுக்குத் தள்ளுபடி, இன்னொன்றில் கேஷ்பேக், வேறொன்றில் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து இனாமாக இட்லி சாப்பிடலாம் என்று அடுக்கினான். "எதுலப்பா புள்ளிக்கு வாட்ச் தருவாங்க?" என்று கேட்டேன். கேஷ்பேக்தான் லாபம் என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். காசிம் பாயே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. இந்த முறையும் நான் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் உப்பு புளி முதல் அந்தக் கார்டில் வாங்கி, வீட்டில் எல்லாரிடமும் திட்டு வாங்கி, கடைசியில் வாட்சைப் பிடித்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஏழுமலை வழக்கம்போல் கையை நீட்டினார். பெட்டியை வைத்தேன். அவர் திறந்து பார்த்தார். கன்னியம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஆம்பளை வாட்ச், தொளதொளவென்று தொங்கியது.

"பேச்சு வாங்குனவ நானு. உங்கம்மா சாவற வரைக்கும் என்னைத்தான் கேட்டுது, உன்னையா கேட்டுது?" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

ஏழுமலை காலிப் பெட்டியை மூடிவைத்தார். பிறகு இடது கையை மறுபடியும் என் முன்னால் நீட்டினார்.