மடிச்சி மாமியின் மெஷின்

மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள விசு அண்ணாவுக்கு,

சுபாஷிணியின் நமஸ்காரம். இங்கே அப்பாவும் நானும் நனைந்து சௌக்கியம். இடப்பள்ளியில், அத்தனை உயரத்து ஃப்ளாட்டில், நீயும் மன்னியும் அம்ருதாவும் உலர்ந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாலம் தாண்டினால் வந்துவிடும் வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சுருக்கமா சொல்லு, மீட்டிங்" என்கிறாய். அதனால்தான். அம்ருதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது இன்னொரு சௌகரியம்.

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், முதல் வேலையாக வாஷிங் மெஷினை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். சிரிக்காதே. அது பிழியும்போது நடக்கும் என்று அப்பா எச்சரித்திருந்தார். அம்ருதாவின் கல்யாண போட்டோ ஷூட் எண்பதுகளின் பாணியில் என்று முடிவானதிலிருந்து தாத்தாவின் பெல்பாட்டம் வேணும், சஃபாரி வேணும், பாட்டியின் நைலெக்ஸ் புடவை வேணும், கூடவே அந்தக் காலத்து மெஷினும் வேணும் என்று தினம் ஒரு மெசேஜ். நேற்று, துணியில் பாச்சை உருண்டை வாசனை துளியும் இருக்கக் கூடாது என்று ஒரு கட்டளை. எப்படியும் யூசுப் இக்கா வண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றப் போகிறார். அதற்குள் துணியை அந்த மெஷினிலேயே துவைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எம்.ஏ. படித்தவளுக்குத் தோன்றுகிற யோசனை.

அந்த மெஷினில் அதுவரை ஒரு துணிகூடத் துவைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். சுள்ளிக்கல் யூசுப் இக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்ததை, அம்மாவின் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று அப்பா ஆசையாக வாங்கினார். அம்மாவோ மெஷினில் போட்டால் மடி, ஆசாரமெல்லாம் போய்விடும் என்று சொல்லி, அதற்குள் வடாம் டப்பாவை வைத்து மூடிவிட்டு, கிணற்றடிக்கே போனாள். அப்பா விடவில்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, வெறுமனே ஒரு சுற்று ஓட்டுவார். அந்த விசுவாசத்தில் அது இன்று ஓடிற்று. ஓடிற்று என்றால், துவைக்கிறவரை சாது; பிழிய ஆரம்பித்ததும் பெல்பாட்டத்தின் ஒரு கால் எதிலோ சுற்றிக்கொள்ள, சாமி வந்ததுபோல ஆடியது. கயிறு அறுபடவில்லை. மெஷினும் நடக்கவில்லை. ஜன்னல்தான் நடந்து மெஷினிடம் வந்தது, சட்டமெல்லாம் கறையான். அந்த அதிர்ச்சியில் குழாய் பிடுங்கிக்கொண்டு கூடம் முழுக்கத் தண்ணீர். அப்பா கட்டிலில் நின்றுகொண்டு "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்தினார். அடுத்த வீட்டு ரோஜா சேச்சி ஓடி வந்தாள், கையில் ஒரு டம்ளர் குடிக்கிற தண்ணீரோடு; மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தானே. "பாவம், ஸ்வாமிக்கு தாகிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள், கணுக்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு.

நான் உடுத்தியிருந்தது நனைந்துபோயிற்று. நைலெக்ஸ் புடவை மட்டும் உதறினதும் காய்ந்துவிட்டது. ஒரு இழை பிரியவில்லை, ஒரு பூ வெளுக்கவில்லை. அதைக் கட்டியவளைத்தான் நாம் தீயில் வைத்தோம். வேறு வழியில்லாமல் அதையே கட்டிக்கொண்டு நிற்கும்போது யூசுப் இக்கா வந்தார்.

"ஹோ, சாதனம் இப்பவும் புத்தம்புதுசா இருக்கே, சுபாஷிணி மோளே! இருக்காதா? மாமி தொட்டாத்தானே! அப்பவே ஸ்வாமி சொன்னாரு, 'அவளுக்கு மடி, யூசுப்பே'ன்னு. ஒரு பட்டனைத் திருகக்கூட மடியான்னு நாங்க சிரிச்சு சிரிச்சு, மடிச்சின்னே பேரு வச்சுட்டோம். சும்மா தமாசாக்கும்."

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலையாளத்தில் மடி என்றால் சோம்பல்; மடிச்சி என்றால் சோம்பேறி. அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவள். கறிகாய் வாங்குகிற அளவுக்குத்தான் அவளுக்கு மலையாளம். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"அவளாக்கும் வந்து சொன்னா. 'ஏன்னா, என் ஆசாரத்தைப் பாத்துட்டு தெருவே என்னை மடிச்சிங்கறது'ன்னு. மொகம் அப்படியே பூரிச்சுப்போயிருந்தது. நான் என்னத்தைத் திருத்தறது, நீயே சொல்லு?"

யூசுப் இக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் இருந்த இடத்தின் வழியாக மழை வந்துகொண்டிருந்தது. அவள் துணி அடிக்கும் சத்தத்தில்தான் நாம் இருவரும் கண்விழித்தோம், அண்ணா. இந்தத் தெருவில் யாரும் அவளளவு உழைத்ததில்லை. சோம்பேறி என்ற பேரைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

போன வாரம் நீ சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன். "நீ அங்க சும்மாத்தானே இருக்கே. வீட்டை ஒழிச்சுட்டு அப்பாவோட இங்க வந்துடு, அம்ருதா போனப்புறம் மன்னிக்கும் ஒத்தாசை." அப்பாவுக்குக் கஞ்சி, மருந்து, குளியல், ஒழுகுகிற ஓடு, இப்போது ஜன்னல் என்று சும்மாதான் இருக்கிறேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மெஷினை இன்றே அனுப்புகிறேன். ஆவணி பிறந்ததும் நாங்களும் வந்துவிடுகிறோம்.

மன்னிக்கு என் நமஸ்காரம். அம்ருதாவுக்கு, துவைத்தாலும் வெளுக்காத சாயம்போல் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சுபாஷிணி

பின்குறிப்பு: மெஷினை அனுப்புகிறேன், நாங்களும் வருகிறோம் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். யூசுப் இக்காவின் வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். மெஷின் வராது. புடவை வராது, கட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் வரமாட்டேன். அப்பாவுக்கு இஷ்டமிருந்தால் அங்கே வரட்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மன்னி காரணம் கேட்டால், சுபாவுக்கு மடி என்று சொல்லிவிடு. எந்த பாஷையில் என்று கேட்டால், இரண்டிலும்.