சிக்னல் இல்லாத சனிக்கிழமை

அந்தத் தொலைபேசிக் கம்பனியை இழுத்து மூடாமல் ஓய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் சபதம் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

இடம் எங்கள் கிணற்றடி. புத்தூரில் எங்கள் வளவுக்குள் என் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கிணற்றுக்கட்டு. அதிலும் ஒரு காலைத் தூக்கி அந்தக் கட்டின்மேல் வைத்து, வடக்கே பார்த்தபடி நிற்க வேண்டும். தெருவால் போகிறவர்கள் நான் ஓய்வு பெற்ற பிறகு யோகாசனம் பழகுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அன்று காலை போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். 'முகப்பரு நீங்க, கடலை மாவில் தயிர் கலந்து பூசுங்கள்.'

எனக்கு முகத்தில் பரு முளைப்பது இருக்கட்டும், தலையில் மயிரே முளைப்பதில்லை. எனக்கு எதற்கு அழகுக் குறிப்பு? அதுவும் நாள் தவறாமல். அதுவும் என் காசில். காலையில் போனுக்குக் காசு கட்டி ரீலோட் போடுவேன். கம்பனி நன்றி சொல்லும். பின்னேரம் யாருக்காவது கதைக்கப் போனால் மீதி இருக்காது. எங்கே போனது என்று பார்த்தால் கடலை மாவுக்குப் போயிருக்கும்.

கம்பனிக்கு எடுத்துக் கேட்டேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று சொல்லிவிட்டு நாதஸ்வரம் போட்டார்கள். ஒரு கலியாணமே முடிகிற அளவுக்கு வாசித்தார்கள். கடைசியில் ஒரு பிள்ளை வந்தாள்.

"ஐயா, அந்தச் சேவையை உங்கடை போனிலை இருந்துதான் கேட்டிருக்கினம்."

"பிள்ளை, நான் ஏன் கேக்கிறன்? எனக்குப் பேரப்பிள்ளை இருக்கு."

"அது தெரியாது ஐயா. சருமம் எல்லாருக்கும் முக்கியம்தானே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரீலோட் முடிந்துவிட்டது.

என் மனைவி சிவகௌரியின் போன் வேறு கம்பனி. அது குசினிக்குள், அடுப்படியிலேயே சிக்னல் எடுக்கும். நீயும் அதற்கு மாறலாமே என்று கேட்பீர்கள். மாறினால் கம்பனி வென்றதாகிவிடும். நான் டிப்போவில் நேரக் கணிப்பாளராக இருந்து எத்தனையோ சாரதிமாரை நேரத்துக்கு பஸ் எடுக்க வைத்தவன். ஒரு கம்பனிக்குப் பயந்து ஓடுவேனா?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. என் கூட்டாளி கதிரவேலுவின் வாழைத்தோட்டத்துக் கொட்டிலில் நாங்கள் நாலு பேர் முன்னூற்றிநாலு விளையாடினோம். காட்ஸ் ஆட்டங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை வைத்திருக்கிற கலை அது. முசுப்பாத்தியில் பொழுதுபட்டது தெரியவில்லை. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய பொட்டு விழுந்து கிடக்கிறது, இண்டைக்கு அடைச்சுத் தாங்கோ என்று சிவகௌரி காலையிலேயே சொல்லியிருந்தாள். நல்ல ஏச்சு விழும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் கால் வைத்தேன்.

"எத்தினை தரம் எடுத்தனான்," என்றாள். "'தொடர்பு கொள்ள முடியாது' எண்டு ஒரு பெட்டை சொல்லிக்கொண்டே இருக்கிறாள்."

தோட்டத்தில் என் கம்பனிக்குச் சிக்னல் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"கொம்பனிப் பிழை," என்றேன். "சனியன் பிடிச்ச கொம்பனி. சங்கத்திலை ஒரு கூட்டம், அதாலை சுணங்கிப்போச்சு. உமக்குச் சொல்ல எடுத்துப் பாத்தன், போகேல்லை."

"பாவம் நீங்கள்," என்றாள் சிவகௌரி.

பாவம் நீங்கள். கலியாணம் கட்டிய நாள்முதல் அந்த வாயிலிருந்து வராத சொல். அந்த நிமிடமே கம்பனியை மன்னித்துவிட்டேன். இவ்வளவு காலமும் என் கையில் தங்கத்தைத் தந்துவிட்டு அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

பிறகென்ன, ஒவ்வொரு சனியும் எனக்கு ஒரு கூட்டம். சங்கக் கூட்டம், கோயில் கூட்டம், ஓய்வூதியர் கூட்டம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பனியைத் திட்டுவேன். அவளும் சேர்ந்து திட்டுவாள். இப்படி ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சிவகௌரி வேலிப் பொட்டைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மனம் கேளாமல் நானாகவே பொட்டை அடைக்கக் கிடுகு வாங்கி வரட்டோ என்று கேட்டேன்.

"இப்ப என்ன அவசரம்," என்றாள். "காத்து வரட்டும்."

காலம் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் கஜானி கொழும்பிலிருந்து வந்தாள். கையில் ஒரு புதுச் சிம்.

"அப்பா, உங்களுக்கு எடுத்தால் ஒருநாளும் கிடைக்குதில்லை. இது வேறை கொம்பனி. எங்கை நிண்டாலும் வேலை செய்யும்."

எங்கே நின்றாலும் என்ற சொல் என் நெஞ்சில் குத்தியது. என் சனிக்கிழமை என் கண் முன்னாலேயே சாகப்போகிறது. வாயைத் திறக்க முதல் சிவகௌரி முந்திவிட்டாள்.

"உது வேண்டாம் பிள்ளை. அப்பாவின்ரை பழைய நம்பர் ராசியான நம்பர்."

"அம்மா, நீங்களே கொம்பனி சரியில்லை எண்டு அழுறனீங்கள்."

"அழுறதுதான். அதுக்காக?"

"கொம்மா சொல்லுறது சரி," என்றேன் நான். என் மனைவி எனக்காக வாதாடுகிறாள். கண் கலங்கிவிட்டது.

ஆனால் கஜானி எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்தவள். எங்களுக்குத் தெரியாமல் என் போனின் மற்றப் பக்கத்தில் சிம்மைச் செருகி, தாயின் போனிலும் என் பெயரில் அந்த இலக்கத்தைப் பதிந்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொழும்புக்கு ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை. கொட்டில். எனக்கு அப்படி ஒரு கை வந்தது. துரும்பைக் கவிழ்த்து வைத்தேன். கதிரவேலுவின் முகம் கறுத்தது. அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது.

நாலு பேரும் என் பையையே பார்த்தோம். அந்தக் கொட்டிலில் என் போன் அடித்ததே இல்லை.

"மச்சான், உது உன்ரையோ?" என்றான் கதிரவேலு.

எடுக்காமல் விட்டிருக்கலாம். பதற்றத்தில் விரல் பட்டுவிட்டது.

"ஹலோ," என்றேன்.

மறுபக்கம் சிவகௌரியின் குரல், பக்கத்தில் நின்று கதைப்பதுபோல.

"என்ன, எடுக்குது."

அதில் ஏமாற்றம் இருந்தது. எனக்கு அது பிடிபடவில்லை.

"நான் கோயில் கூட்டத்திலை நிக்கிறன்," என்றேன். அதே நேரம் பார்த்து, பின்னால் ஒருவன், "துரும்பைத் திற மச்சான்" என்று கத்தினான்.

போச்சு என்று நினைத்தேன். ஆனால் புதுக் கம்பனியின் சேவை உண்மையிலேயே திறம். அவளுக்குப் பின்னால் கேட்ட சத்தமும் எனக்குத் தெளிவாக வந்தது. காட்ஸ் கலைக்கிற சத்தம். அதற்கு மேலே ஒரு பெண் குரல்.

"பெட்டை என்னவாம் சிவகௌரி? தொடங்கட்டோ?"

பக்கத்தில் இருந்த கதிரவேலுவுக்கும் அது கேட்டுவிட்டது, நிமிர்ந்தான். "உது என்ரை மனுசி எல்லோ," என்றான்.

சைக்கிளை எடுத்தேன். வாசற் படலையைத் திறந்து போனால் சங்கிலி கிலுங்கும் என்று, வேலிப் பொட்டுக்குள்ளால் நாலு காலில் நுழைந்தேன். அங்கே மண் தேய்ந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. கிணற்றடியைத் தாண்டும்போது போன் டிங் என்றது.

ஹோலுக்குள் நாலு பெண்கள். நடுவில் என் ஸ்டூல், அதில் கவிழ்த்து வைத்த துரும்பு. கதிரவேலுவின் மனைவி குணலட்சுமி எழும்பக்கூட இல்லை. என் சாய்மனைக் கதிரையில் சிவகௌரி.

"சிவகௌரி, இதென்ன?"

"உங்கடை கோயில் கூட்டம்தான்," என்றாள். "மகளிர் பிரிவு."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் தொடங்கினதுக்கு அடுத்த கிழமையிலை இருந்து. கதிரவேலு அண்ணை உங்களோடை காட்ஸ் விளையாடுறார் எண்டு குணலட்சுமி அக்கா அண்டைக்கே வந்து சொன்னவ. நான் உங்களுக்கு எடுப்பன். தொடர்பு கொள்ள முடியாது எண்டு அந்தப் பெட்டை சொன்னால் நீங்கள் கொட்டிலுக்குள்ளை. பொழுதுபடுமட்டும் வரமாட்டியள். உடனை இவையள் பொட்டுக்குள்ளாலை வந்திடுவினம்."

நான் நின்ற நிலையைப் பார்த்துக் குணலட்சுமிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஆம்பிளையளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே அண்ணை," என்றாள்.

"அப்ப என்ரை சனிக்கிழமை?" என்றேன். அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

"ஆர் வேண்டாம் எண்டது? வடிவாப் போய் விளையாடுங்கோ. போனைத் தாங்கோ."

கொடுத்தேன். புதுச் சிம்மைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். சனிக்கிழமைகளில் அது அங்கேதான் இருக்குமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதைவிட நல்ல மனைவி எவனுக்கு வாய்ப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் போனைத் திருப்பித் தராமல் அதில் எதையோ வாசிக்கத் தொடங்கினாள். மற்ற மூன்று பேரும் தலையை நீட்டிக் கேட்டார்கள்.

எனக்குள் ஏதோ இடித்தது. "சிவகௌரி, அந்த அழகுக் குறிப்பு..."

"ஓம், நான்தான் போட்டனான். என்ரை போனிலை போட்டால் என்ரை ரீலோட் எல்லே போகும். இனியாவது அந்தக் கொம்பனிப் பிள்ளையோடை சண்டைக்குப் போகாதேங்கோ."

நான் கதவடியில் நின்றேன். வாசித்து முடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போக முதல் எங்களுக்கு ஒரு தேத்தண்ணி வைச்சுத் தந்திட்டுப் போங்கோ. சீனியைக் குறையப் போடுங்கோ, முகத்துக்குக் கூடாதாம்."